ஒருநாளைக்கு வாருங்கோவன்

ஒரு பாஷையைப் புதிதாகக் கற்கப் புகும் ஒருவன் அதன் எழுத்துக்களைச் சில கிழமைகளிலும், வினைத்திரிபுகளைச் சில மாதங்களிலும் வசப்படுத்திக்கொள்ளக் கூடும். சந்தையில் விலை பேசவும், பஸ்ஸில் இடம் கேட்கவும், வைத்தியரிடம் நோவைச் சொல்லவும் அவன் அதிக சிரமமின்றிப் பழகிவிடுவான். ஆனால், அந்தப் பாஷைக்குரிய ஒருவர் தெருவோரத்தில் நின்றபடி, 'ஒருநாளைக்கு வீட்டுப் பக்கம் வாருங்கள்' என்று சொல்லும்போது, அவர் மெய்யாகவே வரச் சொல்கிறாரா, அன்றி மரியாதையாக விடைபெற்றுக்கொள்கிறாரா என்று நிச்சயிக்கும் ஞானத்தை எந்தப் பாடபுத்தகத்திலிருந்தும் அவன் பெற்றுவிட முடியாது. தாய்மொழியில் இந்த ஞானம் நமக்கு எப்போது வந்தது என்று கேட்டால் அதற்கும் எவராலும் விடை சொல்ல இயலாது. தாயின் இடுப்பில் இருந்தபடியே படலையடிச் சம்பாஷணைகளைக் கேட்டுக் கேட்டு, எது அழைப்பு, எது உபசாரம் என்று நாம் பகுத்தறியப் பழகியிருக்கிறோம் போலும்.

இந்த விஷயத்தைப் பற்றி என்னை இந்த வயதில் யோசிக்க வைத்தது கொரிய மொழி. பிறர் பாஷையைக் கற்பது யாழ்ப்பாணத்தானுக்குப் புதிதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கிய காலந்தொட்டு அவன் ஊன்றி ஆங்கிலம் கற்றான். அந்த ஆங்கிலத்தின் பலத்தால் மலாயாவுக்குக் கப்பலேறி, ரயில்வேயிலும் கந்தோர்களிலும் இருந்து, மலாயும் பேசி, பென்ஷனோடு திரும்பிவந்து கல்வீடு கட்டினான். 1983 இனக்கலவரத்துக்குப் பின்னர் அவனுடைய பேரப்பிள்ளைகள் ஜெர்மனும் பிரெஞ்சும் நோர்வீஜியனும் பேசப் பழகினார்கள். இப்பொழுது கொரியன் வந்திருக்கிறது. தென்கொரியா 2004 ஆம் ஆண்டு அந்நியத் தொழிலாளரை அரசாங்க உடன்படிக்கை மூலம் வரவழைக்கும் திட்டத்தை ஆரம்பித்தபோது முதன்முதல் சேர்ந்த ஆறு தேசங்களுள் இலங்கையும் ஒன்று. பதினெட்டு வயதுக்கும் முப்பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்டவர்கள் அந்நாட்டு அரச நிறுவனம் நடத்தும் மொழிப் பரீட்சையில் தேறினால், தொழிற்சாலையிலோ, தோட்டத்திலோ, மீன்பிடிப் படகிலோ நான்கு வருஷமும் பத்து மாதமும் வேலை செய்யலாம். பரீட்சையில் பேசிக் காட்டும் பகுதி இல்லை. வாசித்தலும் செவிமடுத்தலுமே பிரதானம். ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்.

என் தங்கையின் மகன் இந்தப் பரீட்சைக்குப் படித்தான். எங்கள் ஒழுங்கை முகப்பிலுள்ள தகரக்கொட்டகை ரியூசன் வகுப்பில், கொரியாவில் தவணை முடித்துத் திரும்பிய ஒரு பொடியன்தான் அவனுக்கு ஆசான். வகுப்பு விட்டதும் நேரே என் விறாந்தைக்கு வந்து, 'மாமா, நீங்கள் இந்தப் பக்கத்து ஆளாக இருங்கோ' என்று புத்தகத்தை என் மடியில் வைப்பான். அதில் கொரிய உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் பென்சிலால் எழுதி வைத்திருப்பான். சாய்மனைக் கதிரையில் சாய்ந்தபடி நான் ஒருநாள் தொழிற்சாலை மேற்பார்வையாளனாகவும், ஒருநாள் பக்கத்து அறைத் தோழனாகவும் வேஷம் பூண வேண்டியிருந்தது. 'சூமாரே சிகன் இஸ்ஸொயோ?' என்று அவன் கேட்பான். வார இறுதியில் நேரம் இருக்கிறதா என்பது பொருள். 'இஸ்ஸொயோ' என்று நான் சொன்னால், 'கச்சி கல்லேயோ?' என்று, சேர்ந்து போவோமா என்பான். எங்கே போகிறோம் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும்; ஒருமுறை படம் பார்க்கப் போனோம், ஒருமுறை மலையேறப் போனோம். முழங்கால் நோவுடன் நல்லூருக்கே நடந்து போக மாட்டாத நான் விறாந்தையில் இருந்தபடி கொரிய தேசத்தின் மலைகளில் ஏறினேன்.

படிப்பு முன்னேற முன்னேற, யாரை எப்படி அழைப்பது என்ற சிக்கல் வெளிப்பட்டது. தோளில் கை போடும் தோழனிடம் 'கஜா' என்று சொல்லலாம். 'கப்ஷிதா' என்பது அதனிலும் ஒரு படி மேலானதாகவே காதுக்குப் படும். ஆனால் அதை ஒத்த வயதினரிடம், அல்லது பலர் கூடி ஒரு காரியத்துக்குப் புறப்படும் வேளையில் சொல்லலாமேயன்றி, முதலாளியிடமோ மூத்தவரிடமோ சொன்னால் அவர் முகம் கறுத்துவிடும். அவரிடம் 'போகப் பிரியமோ' என்ற பாவனையில் 'கஷிகெஸ்ஸொயோ?' என்று கேட்க வேண்டும். ரியூசன் பிள்ளைகள் தலையைப் பிடித்துக்கொண்டார்களாம். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை. 'வா', 'வாரும்', 'வாருங்கோ' என்ற மூன்று படிகளில் தினமும் ஏறி இறங்குபவர்கள் நாங்கள். 'வாரும்' என்பது மரியாதைச் சொல்தான். எனினும் அதைப் பெரியதகப்பனிடம் சொன்ன பிள்ளைக்கு என்ன நேரும் என்பதை யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இதற்கு மேலும் ஒரு நுட்பம் எங்களிடம் இருக்கிறது. 'வாருங்கோ' என்பதன் ஈற்றில் ஒரு சிறு ஒலியைச் சேர்த்து 'வாருங்கோவன்' என்று சொல்லிவிட்டால், கட்டளையின் முனை மழுங்கி, வந்தாலும் சந்தோஷம், வராவிட்டாலும் கோபமில்லை என்ற தயவு அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். கொரியரும் அம்மா, அப்பா என்பவற்றுக்கு நெருங்கிய சொற்களால் பெற்றோரை அழைக்கிறார்கள் என்பதைக் கொண்டு இரு பாஷைகளும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று எங்கள் ஆட்கள் சிலர் பரவசம் அடைகிறார்கள். 1886 இல் கொரியாவுக்கு ஆசிரியராகச் சென்ற ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்புநோக்கி 1905 இல் ஓர் இலக்கணமே எழுதினார். மொழிநூலார் அந்த உறவைப் பொதுவாக ஏற்றுக்கொள்ளவில்லை. பொது முன்னோர் ஒருவர் இருந்தாரோ இல்லையோ, அந்த வம்சாவளி எனக்கு முக்கியமாகப் படவில்லை. உறவில்லாத இரண்டு ஜனக்கூட்டங்கள், ஒருவரை ஒருவர் சாப்பிட அழைக்கும் சங்கடத்துக்கு ஏறத்தாழ ஒரே மாதிரியான உபாயங்களைக் கண்டுபிடித்திருக்கின்றன என்பதுதான் எனக்கு அதிக ருசியாக இருக்கிறது.

அத்தகைய உபாயங்களுள் தலையாயது நாள் குறியாத அழைப்பு. கொரியர் இருவர் வழியில் சந்தித்துப் பிரியும்போது, 'ஒன்ஜே பப் ஹன்பொன் மொகொயோ' என்பார்களாம். எப்போதாவது ஒருதரம் சேர்ந்து சோறு சாப்பிடுவோம் என்பது அதன் கருத்து. இதைக் கேட்டதும் எப்போது, எங்கே என்று விசாரிக்கத் தொடங்குபவன் மரியாதை தெரியாதவன் ஆகிறான். 'நல்லது, கட்டாயம்' என்று சிரித்துவிட்டுப் போக வேண்டும். நாள் சொன்னால் அது அழைப்பு; நாள் சொல்லாவிட்டால் அது உபசாரம். எங்கள் 'ஒருநாளைக்கு வாருங்கோவன்' என்பதும் அணுவளவும் வித்தியாசமில்லாமல் இதே சட்டத்துக்கு உட்பட்டது. அந்த 'ஒருநாளை' பஞ்சாங்கத்தில் தேடி எவரும் கண்டதில்லை. இதற்கு மாறாக, 'வாற சனிக்கிழமை கூழ் காய்ச்சுறம்' என்று ஒரு சிறுவன் வந்து வேலிக்கு மேலாகச் சொல்லிவிட்டு ஓடினால், அவன் 'வாருங்கோ' என்ற சொல்லைச் சொல்லவே இல்லையாயினும், அது தாம்பூலம் வைத்து அழைத்ததற்குச் சமானம். ஒடியல்மாவைக் கரைத்து, நண்டும் இறாலும் மீன்தலையும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் இட்டுப் பெரிய பானையில் கொதிக்கவிடும் அந்தக் கூழைத் தனி ஒருவனுக்கென்று காய்ச்சுவார் இல்லை. பிளாக் கோலிக்கொண்டு வட்டமாக இருந்து குடிப்பதற்கு ஆட்கள் வேண்டும் என்பதை அந்தப் பானையே சொல்லிவிடும்.

அழைப்பது இவ்வாறென்றால், மறுமொழி சொல்வது அதனினும் நுட்பமானது. பரீட்சையில் ஒரு குரல் 'சேர்ந்து சாப்பிடுவோமா?' என்று கேட்கும். 'நல்லது' என்றோ, 'மன்னிக்கவும், வேறு அலுவல் இருக்கிறது' என்றோ உள்ள விடையைத் தெரிவு செய்தால் புள்ளி கிடைக்கும். அப்படிப்பட்ட ஒரு பரீட்சையை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வைத்தால் தேறுபவர் எவருமிரார். பக்கத்து வளவுக்காரி வேலிப் பொட்டால் குனிந்து வருகிறாள். விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். 'இருங்கோவன்' என்கிறாள் வீட்டுக்காரி. 'இருக்க நேரமில்லை, அடுப்பிலை உலை வைச்சிட்டு வந்தனான்.' 'ஒரு வாய் தேத்தண்ணி?' 'ஐயோ வேண்டாம், இப்பத்தான் குடிச்சிட்டு வாறன்.' வீட்டுக்காரி அதற்கு எதிர்வார்த்தை பேசாமல் உள்ளே போகிறாள். கேத்தில் மூடியின் சத்தம் கேட்கிறது. சற்று நேரத்தில் உள்ளிருந்து, 'ஊத்திப்போட்டன், ஆறப்போகுது' என்ற குரல் வருகிறது. இனி மறுத்தால் ஊற்றிய தேத்தண்ணி வீண். வந்தவள் 'உங்களோடை பெரிய கரைச்சல்' என்று சொல்லிக்கொண்டு குந்தில் இருக்கிறாள். பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் பேசுகிறாள். அடுப்பிலிருந்த உலை என்னவாயிற்று என்று எவரும் கேட்பதில்லை, ஏனெனில் உலை வைக்கப்படவே இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கொரியாவிலும் முதல் தடவை கேட்டவுடன் பாய்ந்து ஏற்றுக்கொள்ளாமல் ஒருதரம் மறுப்பது மரியாதை என்று அந்த இளம் ஆசான் சொல்லிக் கொடுத்திருக்கிறான். 'இரண்டாம் முறை கேட்கிறதுதான் கேள்வி' என்பது அவனுடைய சூத்திரம். ஆயினும் பாடபுத்தகத்திலோ பரீட்சைத் தாளிலோ இரண்டாம் முறைக்கு இடம் இல்லை. மனிதர் சம்பாஷணையில் பாதி அந்த இரண்டாம் முறையில்தான் நடக்கிறது.

மனதில் இல்லாததை வாயால் சொல்வது பொய்யல்லவா, ஒருநாளும் சமைக்கப்படாத சோற்றுக்கு ஒருவனை அழைப்பது வஞ்சகம் அல்லவா என்று கேட்கும் சத்தியசந்தர்கள் உண்டு. இளவயதில் நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனே. இப்பொழுது என் அபிப்பிராயம் வேறு. நாள் குறியாத அழைப்பு ஒரு வாக்குறுதி அன்று. நமக்கிடையே வரத்துப்போக்கு அற்றுப்போகவில்லை என்ற அறிவித்தல். இரு குடும்பங்களுக்கிடையே பகை முற்றினால் எங்கள் ஊரில் முதலில் நிற்பது இந்தப் பொய் உபசாரம்தான். சிரித்து, 'வாருங்கோவன்' என்று சொல்லாமல் போகிறார்களே என்பதிலிருந்துதான் பகை ஊருக்குத் தெரியவரும். ஆகவே அதைப் பொய்யென்று விலக்கினால், உறவு இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள அடையாளத்தையே விலக்கியவர்கள் ஆவோம். ஆனால், இந்த நாணயம் செல்லுபடியாவது இருவரும் அதன் மதிப்பை அறிந்த இடத்தில் மாத்திரமே. போக வேறு நூறு வீடுகள் உள்ளவனிடம் 'ஒருநாளைக்கு வா' என்று சொல்வதில் குற்றமில்லை. போக ஒரு வீடும் இல்லாதவனிடம் அதே வாக்கியத்தைச் சொல்வது, எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொன்னாலும், சற்றுக் கொடுமையானது. அவனுக்கு நாள் குறித்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் விருந்தோம்பலைப் பற்றிப் பேசும்போது எங்கள் குரல் சிறிது உயர்ந்துவிடுவது வழக்கம். அந்தக் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டிய இடங்களும் உண்டு. 'வாருங்கோவன்' என்ற சொல் படலைக்கு வந்த எல்லோருக்கும் சொல்லப்பட்டதன்று. சாதியின் பேரால் சிலர் படலைக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டார்கள், சிலருக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்க்கப்பட்டது, தேத்தண்ணிக் கடையில்கூட அவர்கள் உள்ளே இருந்து குடிக்க முடியாதிருந்தது. 1957 இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கதவு திறவாததால், 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. தேநீர்க்கடைப் பிரவேசமும், 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசமும் போராட்டங்களாக நடக்க வேண்டியிருந்தன. காசு கொடுத்து ஒரு தேத்தண்ணி குடிப்பதற்கு மனிதர் அடிபட வேண்டியிருந்த தேசத்தில், மூன்றுதரம் மறுத்துப் பிறகு குடிக்கும் நாகரிகத்தைப் பற்றி நான் ரசித்து எழுதுகிறேன் என்பதை மறந்துவிட்டு எழுத எனக்குச் சம்மதமில்லை. அழைப்பின் நுட்பங்களெல்லாம் அழைக்கப்படுவோரின் வட்டத்துக்குள்ளேதான் நுட்பங்கள். வட்டத்துக்கு வெளியே நின்றவனுக்கு அவை வேலியாகவே தோன்றியிருக்கும்.

இன்னொரு காலத்தில் அந்த வேலிகள் அனைத்தும் ஒருசேரச் சாய்ந்ததையும் கண்டிருக்கிறோம். யுத்தத்தின் நடுவே, 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. லட்சக்கணக்கான சனங்கள், மழை இருட்டில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்து தென்மராட்சிக்குள் புகுந்தார்கள். அழையா வீட்டில் நுழையாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்களே முன்பின் அறியாத வீடுகளின் முற்றத்தில் மூட்டைகளை இறக்கினார்கள். 'வாருங்கோ' என்பாரும் இல்லை, 'வரலாமோ' என்பாரும் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்த வீட்டின் கிழவி திண்ணையைக் கையால் காட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் இன்னொரு வாளி தண்ணீர் இழுத்தாள், அவ்வளவுதான் வரவேற்பு. அரிசி விலையும் வீட்டு வாடகையும் ஏற்றி ஆதாயம் கண்டவர்களும் அந்நாளில் இருந்தார்கள். எனினும் மாட்டுக்கொட்டிலைக் கழுவி அயலானுக்குக் கொடுத்தவர்களே என் ஞாபகத்தில் பெரிதும் நிற்கிறார்கள்.

அந்த யுத்தமும் முடிந்து, கிடுகுவேலி இருந்த இடத்தில் சீமெந்து மதில் எழுந்து, படலை இருந்த இடத்தில் இரும்புக் கேற் வந்த பின்பு, வேலிப் பொட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. 'சும்மா வந்தனான்' என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் அருகிவிட்டார்கள். வருமுன் போன் எடுத்துக் கேட்பதுதான் இப்போது மரியாதை. கனடாவிலிருந்து விடுமுறையில் வரும் உறவினர் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள் என்று சிலர் குறை சொல்கிறார்கள். மதிலை அவர்கள் வந்து கட்டவில்லை.

தங்கையின் மகன் பரீட்சையில் தேறி, இப்போது கொரியாவின் அன்சன் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். பல தேசத்துத் தொழிலாளர் செறிந்து வாழும் ஊர் அது. போன புதிதில் மேற்பார்வையாளர் ஒருவர் அந்தப் பிரசித்தமான வாக்கியத்தை, எப்போதாவது சோறு சாப்பிடுவோம் என்பதை, அவனிடம் சொல்லியிருக்கிறார். அதன் பொருள் இன்னதென்று விறாந்தையில் இருந்து என்னோடு வாதாடிப் படித்தவன்தான். இருந்தும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழுவிய சேட்டைப் போட்டுக்கொண்டு அறையிலேயே இருந்தானாம். இதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், நான் சிரிக்கவில்லை. தொழிற்சாலையார் கூட்டமாகச் சாப்பிடப் போகும் இராவிருந்துகள் வேறு. ஹுவேஷிக் என்று பேர். அதற்கு நாளும் உண்டு, நேரமும் உண்டு. ஆனால் மறுக்கச் சுதந்திரம் குறைவு. மேசை நடுவில் பன்றியிறைச்சி பொரியும். மூத்தவர் கரண்டியை எடுத்த பின்பே மற்றவர்கள் எடுக்க வேண்டும். அவர் வார்க்கும் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். சைவவீட்டில் வளர்ந்த பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி, உதட்டில் மாத்திரம் படவைத்து, கீரையும் சோறும் உண்டு எழும்பப் பழகிக்கொண்டான். கூழுக்கு நண்டு போடும் அளவுக்குத்தான் எங்கள் வீட்டுச் சைவம் என்பதையும் இவ்விடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷம் அவன் தொழிற்சாலை விடுதியை விட்டுத் தனி அறை எடுத்துக்கொண்டு போனபோது, அழைப்பை எதிர்பார்த்திருப்பதை விட அழைப்பதே மேல் என்று தீர்மானித்திருக்கிறான். தாய் பார்சலில் அனுப்பிய ஒடியல்மா இருந்தது. நண்டு அங்கே தாராளமாகக் கிடைக்கும். அந்த ஊரவர்களும் நண்டைக் கொதிக்கவைத்து உறைப்பாகக் குடிப்பவர்களே. தன்னோடு ஒரே இயந்திரத்தில் வேலை செய்யும் நடுவயதுக் கொரியர் ஒருவரிடம் போய், 'வாற ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு' என்று நாளும் நேரமும் சொல்லிக் கேட்டான். அவர் 'அடுத்தமுறை பார்ப்போம்' என்றார். வியாழக்கிழமை மறுபடி கேட்டான்; வேலை இருக்கிறது என்றார். சனிக்கிழமை மாலையில், தாயிடமிருந்து கற்ற வித்தையைக் கொரிய பாஷையில் பிரயோகித்து, 'நண்டு வாங்கிவிட்டேன்' என்றான். மனிதர் சிரித்துவிட்டு வந்து சேர்ந்தார், கையில் ஒரு பெரிய பொதியுடன். பிரித்துப் பார்த்தால், கழிப்பறைக் கடதாசிச் சுருள்கள். புதுவீடு போனவருக்கு அதைத்தான் கொண்டுபோவார்களாம். அந்தச் சுருள் தங்குதடையின்றி அவிழ்வதுபோலக் காரியங்களும் அவிழ வேண்டும் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

வட்ஸ்அப்பில் இதைக் கேட்டபோது என் தங்கை முகத்தைச் சுளித்தாள். சாப்பிட வருகிறவர் ஒரு சீப்பு வாழைப்பழமாவது கொண்டுவரக் கூடாதோ என்று என்னைப் பார்த்தாள். நான் சுருளின் தாற்பரியத்தை விளக்கினேன், பாதிதான் கேட்டாள். பிறகு போனை வாய்க்கு அருகே பிடித்துக்கொண்டு, கொரிய தேசம் வரை கேட்கும் குரலில் மகனிடம் கேட்டாள்:

'அது கிடக்கட்டும். அந்த மனுசனை வெறுங்கையோடையோ அனுப்பினனீ? மிச்ச மாவிலை கொஞ்சம் கட்டிக் குடுத்து விட்டிருக்கலாமெல்லே?'